அத்தை இருக்கறப்போ டூலா எதுக்கு?

கேரளால பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறைல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க, பேர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. உடுமலை பக்கம் பொறந்து வளர்ந்து கல்யாணமாகி அங்க போனவங்க, முதல் குழந்தை, இப்போ ஏழாம் மாசம். அம்மா தவறிட்டாங்க. வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டுல கம்பெனில ஷிப்ட் வேலை. கூட இருக்கறது அத்தை, அதாவது மாமியார், மட்டும்தான், நல்லவங்க, ஆனா அவங்க காலத்து பிரசவ கதைய சொல்லி சொல்லி இவங்களுக்கு ராத்திரி தூக்கம் போச்சு. கோயமுத்தூர்ல ஒரு ஃப்ரெண்டு டூலா (பிரசவத்துல கூடவே இருக்கறதுக்கு பயிற்சி எடுத்த துணை) வெச்சு குழந்தை பெத்தாங்களாம், அத கேட்டு இவங்களுக்கும் ஆசை, வீட்ல சொன்னதும் அத்தை "காசு குடுத்து துணைக்கு ஆள் வெக்கறதா, நான் எதுக்கு இருக்கேன்"னு முகத்த தூக்கி வெச்சுக்கிட்டாங்க. டூலா என்னதான் பண்ணுவாங்க, வெச்சா நார்மல் ஆயிருமா, டாக்டர் கோவிச்சுக்குவாங்களா, அத்தைக்கு எப்படி சொல்றது, இதான் கேள்வி.

அன்புள்ள தங்கச்சி, உங்க ரெண்டாவது கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. டூலா வெச்சா நார்மல் கேரண்டி கிடையாது. யாராவது அப்படி சொல்லி காசு கேட்டா அவங்கள வெக்காதீங்க. நான் லேபர் வார்டுல நர்ஸா இருந்துட்டு அப்புறம் இந்த வேலைக்கு வந்தவ, பொள்ளாச்சி பக்கமும் பாலக்காடு பக்கமும் போய்ட்டு வர்றேன், குழந்தை எப்படி வரணும்னு முடிவு பண்றது குழந்தையோட நிலை, உங்க பிரஷர், நஞ்சுக்கொடி எங்க இருக்குங்கறது, வலி எப்படி முன்னேறுதுங்கறது, இதெல்லாம்தான். டூலா கையில அது இல்லீங்க.

அப்போ என்னதான் அவங்க வேலை? உங்கள விட்டு போகாம இருக்கறது. கேக்க சின்ன விஷயமா இருக்கும். ஆனா லேபர் ரூம்ல நடக்கறத கொஞ்சம் யோசிச்சு பாருங்க, டாக்டர் வருவாங்க பாப்பாங்க போவாங்க, சிஸ்டருக்கு ஒரே நேரத்துல நாலு பேர பாக்கணும், டியூட்டி முடிஞ்சா ஆளே மாறிடும், அவங்க மேல தப்பே இல்ல, வேலை அப்படி. முதல் பிரசவம்னா வலி ஆரம்பிச்சதுல இருந்து குழந்தை வர்ற வரைக்கும் அரை நாளோ அதுக்கு மேலயோ கூட ஆகலாம், அந்த முழு நேரமும் உங்க ஒருத்தர மட்டும் பாக்கறதுக்குன்னே ஒரு ஆள், அவங்கதான் டூலா. உள்ள கைவிட்டு செக் பண்ண மாட்டாங்க, பிரஷர் பாக்க மாட்டாங்க, குழந்தை துடிப்பு கேக்க மாட்டாங்க, ஊசி மருந்து எதையும் தொடக்கூடாது. நர்ஸிங் படிச்ச என்ன மாதிரி ஆளுங்களும் டூலாவா போறப்போ அத தொடறதில்ல.

பயத்துக்கும் பிரசவத்துக்கும் என்ன சம்பந்தம்னு தெரிஞ்சாதான் இந்த துணையோட அருமை புரியும். கர்ப்பப்பைய சுருங்க வெக்கறது ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன், அது நிம்மதியா இருக்கறப்போ நல்லா சுரக்கும். பயந்துட்டா அட்ரினலின் ஏறும், ஏறுனா வலி ஒழுங்கில்லாம போகும், உடம்பு இறுகும், இறுகுனா வலி இன்னும் அதிகமா தெரியும், அதுக்கு இன்னும் பயம் வரும். நம்ம ஊர் தோட்டத்துல மாடு கன்னு போடறப்போ யாரும் கிட்ட போய் சத்தம் போடாதீங்கன்னு பெரியவங்க விரட்டுவாங்கல்ல, அதே விஷயம்தான். மனுஷிக்கு அந்த மறைவும் அமைதியும் ஆஸ்பத்திரில தானா கிடைக்காது, யாராவது ஏற்படுத்தி குடுக்கணும். லைட்ட குறைக்கலாமான்னு சிஸ்டர்கிட்ட கேக்கறது, வலி வர்றப்போ நடு இடுப்பு எலும்ப உள்ளங்கைல அழுத்தி பிடிக்கறது (குழந்தை முகம் உங்க வயித்த பாத்து, பின்மண்டை உங்க முதுகுப் பக்கம் இருந்தா முதுகு வலி உயிர் போகும், அப்போ இந்த அழுத்தம் ஒண்ணுதான் தாங்க வெக்கும்), இடுப்போட ரெண்டு பக்கத்தையும் சேத்து அமுக்கறது, சுடு தண்ணில துணி நனைச்சு ஒத்தறது, ஒரேயடியா மல்லாந்து படுக்க விடாம நடக்க வெச்சு, மண்டி போட வெச்சு, ஒருக்களிச்சு படுக்க வெச்சு, வலிக்கு நடுவுல ரெண்டு வாய் இளநீரோ கஞ்சித்தண்ணியோ டாக்டர் வேண்டாம்னு சொல்லலைன்னா குடுத்து, ஒண்ணுக்கு போக ஞாபகப்படுத்தி, இப்படி ஒண்ணு ஒண்ணா. மூத்திரப்பை நிறைஞ்சிருந்தா குழந்தை தலை இறங்க இடைஞ்சல், அது அந்த வலில உங்களுக்கு ஞாபகமே வராது.

இது வெறும் ஆறுதல் பேச்சில்ல, ஆராய்ச்சியும் இருக்கு. 1980ல குவாத்தமாலால மார்ஷல் க்ளாஸ், ஜான் கென்னல்னு ரெண்டு குழந்தை டாக்டருங்க குழு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, முதல் பிரசவத்துக்கு வந்த பொண்ணுங்க பக்கத்துல முன்ன பின்ன தெரியாத ஒரு பொம்பளைய உக்கார வெச்சாங்க, கைய புடிச்சு பேசிட்டு இருக்கறது மட்டும்தான் வேலை. ஆஸ்பத்திரில சேந்ததுல இருந்து குழந்தை பொறக்கற வரைக்கும் துணை இருந்தவங்களுக்கு 8.8 மணி நேரம், இல்லாதவங்களுக்கு 19.3 மணி நேரம். ரொம்ப சின்ன ஆய்வு, அதனால அத அப்படியே நம்பி பாதி நேரத்துல முடிஞ்சிரும்னு நினைக்க வேண்டாம். 2017ல கோக்ரேன்னு மருத்துவ ஆய்வுகள சேத்து அலசற அமைப்புக்காரங்க 17 நாட்டுல நடந்த 26 ஆய்வ சேத்து 15,000க்கு மேல பொண்ணுங்க கணக்க பாத்தப்போ நேரம் குறைஞ்சது முக்கால் மணிக்கும் கொஞ்சம் கம்மிதான், ஆனா சிசேரியன் ஏறக்குறைய கால்வாசி குறைஞ்சிருந்துச்சு, வலி மருந்து கேட்டவங்களும் கம்மி, பிரசவத்த நினைச்சா கசப்பா இருக்குன்னு சொன்னவங்களும் கம்மி, கெடுதல்னு எதுவும் தெரியல. எனக்கு அந்த கடைசி ரெண்டும்தான் பெருசா படுது. நம்ம பக்கம் ஆபரேஷன் எவ்ளோ சகஜமாயிருச்சுன்னு உங்களுக்கே தெரியும், 2019-21 தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல நூத்துக்கு 44.9, கேரளால 38.9, நாடு முழுசுக்கும் 21.5. இதுல தேவைப்பட்டு பண்ணதும் நிறைய இருக்கு, ஆபரேஷன கெட்ட வார்த்தை மாதிரி பேசறவங்கள எனக்கு சுத்தமா பிடிக்காது. ஆபரேஷன்னு முடிவானாலும் துணைக்கு வேலை இருக்கு. தியேட்டருக்குள்ள விடலைன்னாலும், வெளில வந்த உடனே குழந்தைய உங்க நெஞ்சு மேல போட்டு பால் குடிக்க வெக்க, தையல் வலில எந்த பக்கம் சாஞ்சா குழந்தைய பிடிக்க முடியும்னு காட்டித்தர ஆள் வேணும்ல.

டாக்டர் கோவிச்சுக்குவாங்களான்னு கேட்டிருக்கீங்க. சண்டை போடற டூலாவா இருந்தா கண்டிப்பா கோவிச்சுக்குவாங்க, அதுல நியாயமும் இருக்கு. டாக்டர் வலி வர ஊசி போடலாம்னு சொன்னா "வேண்டாம்"னு சொல்ற உரிமை டூலாக்கு இல்ல, அது உங்களோடது. அவங்க பண்ண வேண்டியது உங்கள கேக்க வெக்கறது. இது இப்பவே பண்ணனுமா, கொஞ்சம் பொறுக்கலாமா, பண்ணா என்ன நல்லது, பண்ணலைன்னா என்ன ஆகும், வேற வழி ஏதாவது இருக்கா, இந்த அஞ்சு கேள்விய இப்பவே மனப்பாடம் பண்ணி வெச்சுக்கோங்க. நிதானமா கேட்டா பெரும்பாலான டாக்டர் பதில் சொல்வாங்க. "இப்பவே பண்ணனும், குழந்தை துடிப்பு குறையுது"ன்னு பதில் வந்தா அப்புறம் ஒரு பேச்சும் கிடையாது, கையெழுத்து போட்டுட்டு போயிடணும்.

உங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு, நீங்க கடிதத்துல ஒரு வரில எழுதிட்டு போயிட்டீங்க, எனக்கு அது பெருசா பட்டுச்சு. மலையாளம் புரியும் ஆனா பேச வராதுன்னு. கல்யாணமாகி வந்த நம்ம பொண்ணுங்க நிறைய பேருக்கு இதே நிலை, கடைல ரேஷன்ல சமாளிச்சிருவாங்க, ஆனா வலி உச்சத்துல இருக்கறப்போ சிஸ்டர் வேகமா மலையாளத்துல சொன்னா மண்டைல ஏறாது, என்ன சொல்றாங்கன்னு தெரியாம தலையாட்டிருவாங்க, அப்புறம் வீட்டுக்கு வந்து என்ன ஏன் வெட்டுனாங்கன்னு அழுவாங்க. சித்தூர் தாலுக் ஆஸ்பத்திரியோ பாலக்காடோ எங்க போனாலும் தமிழ் புரிஞ்ச ஸ்டாஃப் இருப்பாங்க, ஆனா அந்த நேரத்துல அவங்க பக்கத்துல இருப்பாங்கன்னு சொல்ல முடியாது. அதனால துணைக்கு வர்ற ஆள் யாரா இருந்தாலும் ரெண்டு பாஷையும் பேசணும். அத்தைக்கு மலையாளம் தண்ணி மாதிரி வரும்னு நீங்களே எழுதியிருக்கீங்க, இத மனசுல வெச்சுக்கோங்க.

ஒருவேளை பொள்ளாச்சிக்கோ கோயமுத்தூருக்கோ வந்து பெத்துக்கறதா இருந்தா அத கடைசி மாசம் வரைக்கும் தள்ளாதீங்க. தமிழ்நாட்டுல பிக்மி நம்பர் (கர்ப்பத்த கவர்மெண்ட்ல பதிஞ்சா குடுக்கற நம்பர்) கேப்பாங்க, குழந்தையோட பர்த் சர்டிபிகேட்டுக்கு அது வேணும், கேரளால பதிஞ்சவங்க என்ன பண்ணனும்னு முன்னாடியே அந்த ஆஸ்பத்திரில கேட்டு வெச்சுக்கோங்க. ராத்திரி நேரம் வலி வந்தா கோபாலபுரம் வழியா வர்றதா வேலந்தாவளம் வழியா போறதான்னு கார்ல உக்காந்து பேசிட்டு இருக்கக்கூடாது.

இப்போ அத்தை விஷயம். நீங்க அவங்கள தப்பா நினைக்கலைன்னு எழுதியிருக்கீங்க, நல்லது. அவங்க கோவம் காசுக்காக இல்லன்னு எனக்கு தோணுது. வீட்ல முதல் பேரக்குழந்தை, உங்கம்மா இடத்துல தான்தான் நிக்கணும்னு அவங்க மனசுக்குள்ள எப்பவோ முடிவு பண்ணிருப்பாங்க, அந்த இடத்துல காசு வாங்கற ஆள கொண்டு வந்து வெக்கறீங்கன்னு படுது. அவங்ககிட்ட இப்படி கேட்டு பாருங்க. உங்க ஊர்ல பிரசவம் முடிஞ்சு வந்தா எண்ணெ தேச்சு வேது குளிப்பாட்ட, பிரசவ ரட்சைக்குன்னு (பெத்தவள பாத்துக்கறதுக்கு) ஒரு சேச்சிய நாள் கணக்குல சம்பளம் பேசி வெக்கறது வழக்கம்தானே, அதுக்கு எந்த மாமியாரும் நான் எதுக்கு இருக்கேன்னு கேக்கறதில்ல. அந்த காலத்துல ஊர் மருத்துவச்சி, வயற்றாட்டி வீட்டுக்கு வந்தப்போ கூட வீட்டு பொம்பளைங்க நாலு பேர் சுத்தி நின்னாங்க, ஆஸ்பத்திரி வந்து பிரசவம் பாதுகாப்பாச்சு, அதுக்காக நான் ஆயிரம் தடவ கும்பிடுவேன், ஆனா அந்த நாலு பேரும் கதவுக்கு வெளில நின்னுட்டாங்க. அந்த இடத்துல ஒருத்தர் உள்ள வரணும், அவ்ளோதான் கேக்கறோம்.

ஆனா உள்ள எத்தன பேர் வரலாம்? அங்கதான் நீங்க முடிவு பண்ணனும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில பிரசவ துணையா ஒருத்தர விடலாம்னு மத்திய சுகாதார துறை 2016லயே சொல்லிருச்சு, பெரும்பாலும் தானும் பிள்ளை பெத்து அனுபவப்பட்ட பொம்பளையா இருக்கணும், தொத்து வியாதி இருக்கக்கூடாது, சுத்தமான துணி போட்டிருக்கணும், கடைசி வரைக்கும் இருக்கணும், சிஸ்டர் வேலைல தலையிடக்கூடாது, பக்கத்து பெட்டுக்காரங்கள பாக்க போகக்கூடாது. மறைவு வசதி இருக்கற இடத்துல புருஷனையும் விடலாம். உலக சுகாதார நிறுவனமும் 2018ல, பொண்ணு யார விரும்பறாளோ அந்த துணை கடைசி வரைக்கும் இருக்கணும்னு சொல்லிருக்கு. எழுத்துல இருக்கறது எல்லா லேபர் ரூம்லயும் நடக்கும்னு இல்ல, கூட்டமா இருந்தா விட மாட்டாங்க, பிரைவேட்ல ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு ரூல். ஒருத்தருக்குத்தான் இடம்னா டூலாவ விட்டா அத்தை வெளில, அத்தைய விட்டா டூலா வெளில.

நான் என் தொழிலுக்கு எதிரா பேசறேன்னு கூட இருக்கறவங்க சொல்லலாம், பரவாயில்ல. உங்க நிலமைல அத்தைய உள்ள அனுப்புங்கன்னுதான் சொல்வேன், அதுவும் ஒரு கண்டிஷனோட. எந்த ஆள் முன்னாடி நீங்க கத்தலாம், அழுகலாம், துணி விலகுனாலும் கூச்சப்படாம இருக்கலாம், அந்த ஆள்தான் உள்ள இருக்கணும். அத்தை முன்னாடி அப்படி இருக்க முடியுமான்னு உங்களுக்குத்தான் தெரியும். முடியும்னா, டூலாவ பிரசவத்துக்கு முன்னாடியே ரெண்டு மூணு தடவ வீட்டுக்கு வரச் சொல்லுங்க, அத்தையையும் வீட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வெச்சு கத்துக்குடுக்க சொல்லுங்க. இடுப்ப எங்க அமுக்கணும், மூச்ச எப்படி மெதுவா விட வெக்கணும், எப்போ பேசணும் எப்போ வாய மூடிட்டு கைய மட்டும் புடிக்கணும். நல்ல டூலாவோட வேலைல பாதி இதுதான், குடும்பத்த தயார் பண்றது. வீட்டுக்காரருக்கு என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் வராண்டால போன பாத்துட்டு நிக்கறாங்க, சொல்லிக்குடுத்தா பிடிச்சுக்கறாங்க. உள்ள விட்டா விடட்டும், இல்லைன்னா வீட்ல வலி ஆரம்பிக்கற நேரத்துல அவர் கைதான் உங்க இடுப்புல இருக்கணும், அதனால கடைசி மாசத்துக்கு ஷிப்ட் மாத்தி கேக்க சொல்லுங்க, கடைசி வாரத்துல கேட்டா கம்பெனில குடுக்க மாட்டாங்க.

அத்தையோட பயக்கதைகளுக்கும் இதுதான் மருந்துன்னு நான் நினைக்கறேன். அவங்கள பேச வேண்டாம்னு சொல்லாதீங்க, ஒரு தடவ முழுசா உக்காந்து கேளுங்க, உங்களுக்கு அப்போ யார் கூட இருந்தாங்கன்னு கேளுங்க. பெரும்பாலும் யாரும் இல்லன்னுதான் பதில் வரும். நிறைய மாமியாருங்க அந்த கேள்விக்கு அப்புறம் டூலாவ எதுக்கறதில்ல.

டூலா வெக்கறதா முடிவு பண்ணா சிலது கேட்டுக்கோங்க. இந்தியால டூலாக்குன்னு கவர்மெண்ட் லைசன்ஸ் எதுவும் இல்ல, பல அமைப்புங்க டிரெய்னிங் குடுத்து சர்டிபிகேட் தருது, அதனால யார்கிட்ட படிச்சாங்க, அவங்க போன குடும்பத்துல ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட பேசலாமான்னு கேளுங்க. அன்னிக்கு அவங்களுக்கு காய்ச்சல்னா பதிலுக்கு யார் வருவாங்க. ஆபரேஷன் ஆனாலும் கூட இருப்பாங்களா. உள்ள விடலைன்னா ஃபீஸ் எவ்ளோ. இந்த கடைசி கேள்விய கூச்சப்படாம முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. வீட்லயே பெத்துக்கலாம், ஸ்கேன் எல்லாம் வேண்டாம், டாக்டருங்க எல்லாம் காசுக்காக பயமுறுத்தறாங்கன்னு பேசறவங்களா இருந்தா காபி குடுத்து அனுப்பி வெச்சுடுங்க. ரத்தம் நிக்காம போனா ஒரு டூலாவால ஒண்ணும் பண்ண முடியாது, ஆஸ்பத்திரிலதான் அதுக்கு மருந்தும் ரத்தமும் இருக்கு. காசு இப்போ முடியாதுன்னா கடன் வாங்கி வெக்காதீங்க, மேல சொன்ன மாதிரி அத்தைய தயார் பண்றதே போதும், குவாத்தமாலால கூட இருந்தவங்களும் டிகிரி படிச்சவங்க இல்லீங்க.

குழந்தை வந்தப்புறம் ஒரு விஷயத்துல மட்டும் டூலா அத்தைகிட்ட மெதுவா பேச வேண்டியிருக்கும். பொன்னும் வயம்பும் (நம்ம வசம்பு) தேன்ல உரைச்சு நாக்குல வெக்கறது அங்க வழக்கம், நம்ம பக்கம் சேனை வெக்கறதுன்னு சீனித்தண்ணி. ரெண்டுமே வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால், அப்புறம் ஆறு மாசத்துக்கு தாய்ப்பால் மட்டும், தேன் ஒரு வயசு வரைக்கும் கூடாது. இத மருமக சொன்னா மரியாதை இல்லாத மாதிரி படும், வெளி ஆள் சொன்னா கேட்டுக்குவாங்க, அதனால இத டூலாக்கோ உங்க ஏரியா ஆஷா சேச்சிக்கோ (வீடு வீடா வர்ற சுகாதார பணியாளர்) விட்டுடுங்க. கயிறு மாதிரி ஏதாவது வேணும்னு அத்தை ஆசைப்பட்டா அதுல வழக்கமா பிரச்சனை இல்ல, குழந்தை இடுப்புல கட்டட்டும், இறுக்காம இருந்தா சரி.

எப்போ கிளம்பறதுன்னும் பயந்திருக்கீங்க. சூட்டு வலி வந்து வந்து போகும், நடந்தாலோ தண்ணி குடிச்சாலோ அடங்கிரும். நிஜ வலி அடங்காது, நெருங்கி நெருங்கி வரும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தா கிளம்பிடுங்க, உங்க டாக்டர் வேற கணக்கு சொல்லியிருந்தா அதுதான் கணக்கு. பனிக்குடம் உடைஞ்சா வலி இல்லைன்னாலும் போகணும், தண்ணி பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா ஒரு நிமிஷம் கூட தாமதிக்கக்கூடாது. ரத்தம் போறது, தாங்காத தலைவலியோட கண் மங்கறது, வலிப்பு, குழந்தை அசைவு குறையறது, இதுல எதுவும் எந்த மாசத்துல வந்தாலும் டூலாக்கு போன் பண்ணி ஆலோசனை கேட்டுட்டு இருக்காதீங்க. 108 கூப்பிடுங்க, ரெண்டு ஸ்டேட்லயும் அதே நம்பர்தான்.

அடுத்த செக்கப் எப்போன்னு எழுதல, ஆனா அன்னிக்கு அத்தையையும் கூட்டிட்டு போங்க. லேபர் ரூமுக்குள்ள யார் வரலாம், எத்தன பேர், நடக்க விடுவாங்களா, வேற பொசிஷன்ல பெத்துக்கலாமான்னு டாக்டர்கிட்ட அவங்க முன்னாடியே கேளுங்க, முடிஞ்சா அத்தையையே மலையாளத்துல கேக்க சொல்லுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கு எழுதுங்க, அத பாத்துட்டு உங்க பக்கம் வர்ற டூலா யாராவது வேணுமா, இல்ல அத்தைக்கு நானே ஒரு நாள் வந்து சொல்லிக்குடுக்கறதான்னு பேசிக்கலாம்.